ஆளில்லாத கல்லறையின் விளக்கு மாடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. துபாயிலிருந்து வடக்கே போகும் கடற்கரைச் சாலையில், ஊரெல்லாம் முடிந்து உப்பு மண்ணும் கழிமுகமும் மட்டுமே கிடக்கிற ஓர் இடத்தில், தரைக்குக் கீழே இறங்கி ஒரு கல்லறையைப் பார்த்தேன். இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே தோண்டுகிறவர்கள் இன்னும் வேலையை முடிக்கவில்லை, வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. துபாயில் நர்ஸ் வேலை. என் வீட்டுக்காரர் மீன்பிடித் தொழிலாளி. நான் இங்கு வருவதற்கு முன்பே அவர் வளைகுடாவுக்கு வந்தவர், பக்கத்து நாடு ஒன்றில் ஒரு கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியிடம், படகில் வேலை பார்த்தார். தினமும் போன் போடுவார். எடுத்ததும் முதல் கேள்வி, "சோறு தின்னாச்சா?" மணி எதுவானாலும் அதே கேள்விதான். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு நாள் தொழிலுக்குப் போன அந்தப் படகு கரை திரும்பவில்லை. தேடினார்கள். ஓர் ஐஸ் பெட்டி கிடைத்தது, கொஞ்சம் வலை கிடைத்தது. போனவர்களில் ஒருவரின் உடலும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் எனக்குப் புத்தி சொல்ல இரண்டு கூட்டம் உண்டானது. ஒரு கூட்டம், "அவன் எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பான், ஏதாவது நாட்டு ஜெயிலில் கிடப்பான், காத்திரு" என்றது. இன்னொரு கூட்டம், "போனவன் போனான், தாலியைக் கழற்று" என்றது. நான் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். கழற்றவும் மாட்டேன், காத்திருக்கவும் மாட்டேன். அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். படகோட்டிகளின் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது தெரியும். ஆனால் என் தாலி என் கழுத்தில் இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு எனக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. மகளை என் அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். "அவனை விழுங்கின கடலுக்குப் பக்கத்திலேயே போய் எப்படி இருப்பாய்?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஏன் இருக்கக் கூடாது? நான்தான் அதற்கு எதிரே போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முதல் மாதம் முழுவதும் டியூட்டி முடிந்ததும் கடற்கரைக்குப் போய் அதைத் திட்டிவிட்டுத்தான் ரூமுக்குத் திரும்புவேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். ஒரு வாரத்துக்கு முன்பே கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவார்கள், கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். அன்று மாலை ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறை மேல் பூப்போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, பக்கத்தில் நிற்கும். சாமியார், அதாவது பங்குப் பாதிரியார், வரிசை வரிசையாக வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பேர் சொல்லி ஜெபிப்பார். பிள்ளைகளுக்கெல்லாம் அது ஒரு பெருமை. 'எங்க தாத்தா கல்லறை', 'எங்க பெரியம்மா கல்லறை' என்று காட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

என் மகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. அவள் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவாள். மணலில் குழி பறித்து நட்டுவைப்பாள். கடல் காற்றில் மெழுகுதிரி எங்கே நிற்கும்? கொளுத்துவாள், அணையும். கொளுத்துவாள், அணையும். ஒரு வருடம் தீப்பெட்டி முழுவதையும் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அம்மா, அப்பாவுக்கு மட்டும் ஏன் எரியமாட்டேங்குது?" என்று போனில் கேட்டாள். அன்று நான் நைட் டியூட்டி போகவில்லை. போக முடியவில்லை.

அடுத்த லீவுக்குப் போனபோது ஊர்க் கமிட்டியில் போய் நின்றேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிறிய இடம் வேண்டும், ஒரு கல் நட வேண்டும் என்று கேட்டேன். கமிட்டித் தலைவர் முடியாது என்றுவிட்டார்.

"ஒடம்பு இல்லாம கல்லறை கெடையாது. இது ஊர்ச் சட்டம். கடல்ல போனவனுக்கெல்லாம் கல்லறை கெட்டினா, கரையில சாவுறவன எங்க பொதைக்க?" என்றார். இடம் சிறியதுதான், அது உண்மை. ஒரு பக்கத்தைக் கடல் ஏற்கெனவே தின்றுவிட்டது. ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. "எந்தம்பியும் கடல்லதான் போனான். எங்கம்மா வந்து கேட்டாளா?" என்றார்.

சாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் ஊருக்குப் புதியவர். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். லீவு முடிந்ததும் விமானம் ஏறினேன்.

இப்படி இருந்தபோதுதான் ஓர் இலங்கைப் பெண்ணைச் சந்தித்தேன். வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று எங்கள் எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுக் கண்ணைத் திறந்து, "அக்கா, நீங்கள் தமிழோ?" என்றாள். குளுக்கோஸ் இறங்கி முடிவதற்குள் நாங்கள் பழகிவிட்டோம். மன்னார் பக்கத்துப் பெண். பழைய காலத்து இடங்களைத் தோண்டுகிற ஒரு குழுவில் வேலை. கிடைக்கிற ஒவ்வொரு கல்லையும் ஓட்டுத் துண்டையும் அளந்து படம் வரைவதுதான் அவள் பொறுப்பு.

"நாங்கள் இப்ப கிண்டுற இடத்தில வேதக்காரர் இருந்திருக்கினம் அக்கா. கோயில் இருக்கு. நிலத்துக்குக் கீழ சேமக்காலையும் இருக்கு" என்றாள். வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்கள், சேமக்காலை என்றால் அவர்கள் ஊரில் கல்லறைத் தோட்டம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் என்றால் என்னைப் போல விசாவில் வந்து இறங்கியவர்கள்தான் என்று நினைத்திருந்தேன். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தக் கடலிலேயே மீனும் முத்தும் எடுத்து, இங்கேயே புதைந்த கிறிஸ்தவர்கள், அதுவும் இஸ்லாம் வருவதற்கு முன்பிருந்தே இருந்தார்கள் என்று அவள் சொன்னபோது வாயைப் பிளந்தேன். இங்கே எங்கள் பங்குக் கோயிலில் யாருக்கும் இது தெரியாது. கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள்.

அவளே மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, "ஒரு ஞாயிறு வாங்கோ" என்றாள். அப்படிப் போனதுதான் அந்த நவம்பர் ஞாயிறு. எங்கள் ஆஸ்பத்திரி வேன் ஓட்டும் சிவகங்கைத் தம்பி, லீவு நாளில் தன் நண்பனின் காரை வாங்கிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். கைப்பையில் ஒரு மெழுகுதிரி வைத்திருந்தேன். கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருடமும் மகள் மணலில் நட்டது எரியவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். பழைய கிறிஸ்தவர் கல்லறை என்கிறார்களே, அங்கேயாவது ஒன்று கொளுத்துவோம் என்று எடுத்து வைத்தேன்.

இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கோயில் என்றால் முழங்கால் உயரத்துக்குச் சுவர்கள், அவ்வளவுதான். கம்பி வேலி, தகரக் கொட்டகை, தள்ளுவண்டிகள். பின்னால் கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கோயில் சுவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தார்ப்பாயை விலக்கினாள். மணற்கல்லில் வெட்டிய படிகள் கீழே இறங்கின.

எங்கள் ஓட்டுநர் தம்பி படி அருகில் நின்று பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். அவள் பதறிவிட்டாள். "அண்ணா, போட்டுக்கொண்டு வாங்கோ. கல்லு காலை வெட்டும்."

"வெட்டுனா வெட்டட்டும்மா. செத்தவுக தூங்குற எடத்துக்குள்ள பூட்ஸோட எப்படி வர்றது?" என்று அவர் வெறுங்காலோடு இறங்கினார். அவர் இந்து. ஊரில் ஒரு சர்ச்சுக்குள்ளாவது போயிருப்பாரோ என்னவோ. ஆனால் அதைப் பார்த்ததும் நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கீழே ஒரு சின்ன அறை, எங்கள் ஊர் வீட்டுச் சமையலறை அளவுதான். நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுண்ணாம்பு நனைந்தால் வரும் வாசனை. மூன்று பக்கச் சுவரிலும் அடுக்கடுக்காகத் தட்டு போல வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஆளைக் கிடத்தி, வாயைக் கல்லால் மூடிச் சாந்து பூசிவிடுவார்களாம். பெட்டி கிடையாது, துணியில் சுற்றித்தான். எலும்புகளை எல்லாம் பத்திரமாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டதால் தட்டுகள் வெறுமையாக இருந்தன. இது பெண், இது வயதான ஆள், இது குழந்தை என்று தலையில் கட்டிய விளக்கால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். குழந்தையின் தட்டு மிகவும் சின்னது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கடைசித் தட்டுக்கு வந்ததும் நின்றாள். "இதில ஆரும் இல்லை அக்கா."

"எடுத்துட்டீங்களா?"

"இல்லை. முதலே இல்லை. நாங்கள்தான் திறந்தனாங்கள். கல்லு மூடினபடி, சாந்து பூசினபடி அப்பிடியே இருந்தது. திருடர் ஒருத்தரும் தொடேல்ல. உள்ளுக்க வெறும் துப்புரவான மணல். உடம்பு வைச்ச அடையாளமே இல்லை."

பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மூடு கல்லைக் காட்டினாள். அதில் ஒட்டியிருந்த சாந்தில் ஒரு சிலுவை. உளியால் செதுக்கியதில்லை. சாந்து ஈரமாக இருந்தபோது யாரோ விரலால் இழுத்தது. விரல் அகலம் அப்படியே தெரிந்தது. குறுக்குக் கோடு கொஞ்சம் கோணல்.

அப்புறம் அவள் விளக்கை மேலே தூக்கினாள். அந்தத் தட்டுக்கு மேலே, சுவரில் ஒரு கையளவு மாடம். அதன் கூரை கன்னங்கரேலென்று இருந்தது. விளக்குக் கரி. சும்மா ஒரு நாள் எரிந்த கரி இல்லை, அடுப்பங்கரைச் சுவர் போல மேலே மேலே படிந்த கரி. மற்ற தட்டுகளுக்கு மேலே இப்படி மாடம் இல்லை. இதற்கு மட்டும்தான்.

நான் கேட்டேன், "ஆளே இல்லாத குழிக்கு எதுக்கு விளக்கு வைப்பாங்க?"

"அதுதான் தெரியேல்ல. ஒரு ஆளுக்கெண்டு முதலே வெட்டி வைச்சிருக்கலாம், அவர் வேற ஊருக்குப் போயிருக்கலாம். வேலை செய்தவை வெளிச்சத்துக்கு விளக்கு வைச்சிருக்கலாம். இல்லாட்டி..." என்று நிறுத்தினாள்.

"இல்லாட்டி?"

"போனவர் திரும்பி வராமலும் இருந்திருக்கலாம். இந்தச் சனம் கடலுக்குப் போற சனம்தானே. ஆனால் அக்கா, இதில எது எண்டு சொல்லேலாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என்ன சொல்ல முடியாது? காலிக் குழியை மூடிச் சாந்து பூசுவார்களா? அதில் சிலுவை போடுவார்களா? வெளிச்சத்துக்கு வைத்த விளக்கு இவ்வளவு கரியா படியும்? உனக்குக் கண் இல்லையா? இப்படியெல்லாம் சத்தம் போட்டேன். அந்தச் சின்ன அறையில் என் குரல் என் மேலேயே வந்து விழுந்தது. என் வீட்டுக்காரரைப் பற்றி அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அப்போதுதான் சொன்னேன். கமிட்டி, மகள், மணலில் எரியாத மெழுகுதிரி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன். இவ்வளவு வருடமாக வராத அழுகை, செருப்பில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு, யாரோ ஒருவருடைய கல்லறையில் வந்தது. ஓட்டுநர் தம்பி அந்தக் காலித் தட்டைப் பார்த்து, "யாரு பெத்த பிள்ளையோ" என்று மட்டும் சொன்னார்.

கைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். "ஏலாது அக்கா. கோவிக்காதேங்கோ. அந்தக் கரியை இன்னும் பரிசோதனைக்கு எடுக்கேல்ல. இண்டைக்குப் புகை பட்டால் பழைய புகை எது, புதுப் புகை எது எண்டு தெரியாமல் போயிடும்."

வேறு நேரமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கரியைக் கெடுக்க எனக்கும் மனமில்லை. யாரோ ஒருத்தி திரும்பத் திரும்ப வந்து வைத்த கரி அது. மெழுகுதிரியைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

அவள் தலையில் கட்டியிருந்த விளக்கைக் கழற்றி அந்த மாடத்துக்குள் வைத்தாள். "இதில புகை வராது" என்றாள். ஓட்டுநர் தம்பி தன் போன் வெளிச்சத்தை அணைத்தார். அறை முழுக்க இருட்டு, அந்த மாடம் மட்டும் வெளிச்சம். கோணல் சிலுவை தெரிந்தது. நான் என் வீட்டுக்காரர் பேரைச் சத்தமாகச் சொன்னேன். அவர் போனதிலிருந்து ஜெபத்தில் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரில் எங்கள் கோயிலில் இறந்தவர்களுக்கான பூசையில் அவர் பேரைச் சேர்ப்பதா, காணாமல் போனவர்களுக்கான மன்றாட்டில் சேர்ப்பதா என்றே யாருக்கும் முடிவு இல்லாமல் இருந்தது.

மேலே வந்ததும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அவள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவளுடைய அண்ணன் சண்டைக் காலத்தில் காணாமல் போனவராம். "அம்மா இண்டைக்கும் அண்ணாவுக்கு மெழுகுதிரி கொளுத்த விடமாட்டா. கொளுத்தினால் செத்தது எண்டு நாங்களே சொன்ன மாதிரி ஆகிடும் எண்டு சொல்லுவா. அதாலதான் அக்கா, தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

நான் அவளைச் சத்தம் போட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அம்மாவின் வீம்பு ஒரு மாதிரி, என் வீம்பு வேறு மாதிரி. கொளுத்தாமல் இருப்பதும் கொளுத்தியே தீருவேன் என்பதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் என் முடிவு அந்த மாடத்தைப் பார்த்தபோதே ஆகிவிட்டது. இனி யாரிடமும் இடம் கேட்கப் போவதில்லை.

அடுத்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்பே ஊரில் இருக்கும்படி லீவு போட்டேன். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கடல் பக்கம் ஒரு தடித்த சுவர் உண்டு, அலையைத் தடுக்கக் கட்டியது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். கமிட்டிக்குப் பயந்து வரவில்லை. சரி என்று சுத்தியலும் உளியும் மட்டும் அவரிடமே இரவல் வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, பட்டப் பகலில் போனேன். திருட்டுத்தனமாகச் செய்ய நான் என்ன திருடவா போகிறேன்?

சுவரின் உள்பக்கம், காற்று படாத பக்கம், ஒரு கையளவு மாடம் வெட்டினோம். ஊசி போடுகிற கைக்கு உளி பிடிக்க வரவில்லை, இரண்டு விரலை நசுக்கிக்கொண்டேன். நெஞ்சளவு உயரம், மகளுக்கு எட்டும். உள்ளே சிமெண்ட் பூசி, கீழே அவர் பேரை எழுதினேன். ஈரம் காய்வதற்குள் சிலுவை போடச் சொன்னேன். மகள் விரலால் இழுத்தாள். அதுவும் கோணலாகத்தான் வந்தது. நான் திருத்தவில்லை.

சேதி போய்க் கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஆரு கேட்டு சுவர வெட்டின? அரபு நாட்டுல எதையாவது பாத்துட்டு வந்து இங்க புதுப் பழக்கம் கொண்டு வாறியா?"

"புதுசு இல்ல. ரொம்பப் பழசு" என்று சொல்லி, மண்ணுக்குக் கீழே பார்த்த அந்தக் கல்லறையைப் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தக் குழி கடல்ல போனவனுக்குத்தான் வச்சதுன்னு ஆதாரம் இருக்கா?" என்று மடக்கினார்.

ஆமாம் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வாயடைத்துப் போயிருப்பார். ஆனால் மன்னார்ப் பெண்ணின் முகம் கண்முன் நின்றது. "ஏன் காலியா இருக்குன்னு தோண்டினவியளுக்கே தெரியாது. ஆனா ஆளு இல்லாத எடத்துக்கு வெளக்கு வச்சிருக்காவ. அது தெரியும். எனக்கு அது போதும்" என்றேன்.

"நாளைக்கே இடிச்சிருவேன்."

"இடியுங்க. நான் மறுபடி வெட்டுவேன். நீங்க எத்தன தடவ இடிப்பியன்னு பாத்துருவோம்."

அவர் முறைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் யாரும் இடிக்க வரவில்லை. திருநாள் வந்தது.

மாலை. கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூவும் சாம்பிராணிப் புகையும் ஜனமும். நானும் மகளும் சுவர் ஓரமாக மாடத்துக்கு முன்னால் நின்றோம். எங்களைச் சுற்றி மட்டும் ஆள் இல்லை, எல்லாரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மகள் மெழுகுதிரியைக் கொளுத்தி மாடத்துக்குள் வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மெழுகுதிரி நேராக நின்று எரிந்தது. அவள் தீப்பெட்டியை மூடிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இன்னும் நம்பிக்கை வராதவள் மாதிரி.

சாமியார் வரிசை வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் தீர்த்த வாளியைப் பிடித்துக்கொண்டு கமிட்டித் தலைவர். கடைசி வரிசை முடிந்ததும் சாமியார் எங்களைப் பார்த்துத் தயங்கினார். தலைவர், "அது கல்லறை இல்ல சாமி. இந்தப் பக்கம் வாங்க" என்று திரும்பினார். சாமியாரும் திரும்பினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சத்தம் போட வாயைத் திறந்தேன். அதற்குள் எங்களுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது.

"லேய், அந்த வாளிய இங்க கொண்டு வா."

தலைவரின் அம்மா. நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். கையில் ஒரு மெழுகுதிரி. மாடத்தின் முன்னால் வந்து நின்று, மகன் பக்கம் திரும்பாமலேயே என்னிடம் கேட்டார்கள். "மக்ளே, இதுக்குள்ள இன்னொண்ணு வைக்க எடம் இருக்கா? என் இளையவனுக்கு."

நான் நகர்ந்து நின்றேன். என் மகள்தான் அவர்கள் கையைப் பிடித்து, தன் மெழுகுதிரியை ஓரமாகத் தள்ளி, பக்கத்தில் நட்டுக்கொடுத்தாள்.

தலைவர் வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றார். 'எங்கம்மா வந்து கேட்டாளா?' என்று என்னிடம் கேட்டவர் அவர். சாமியார் அவரைப் பார்க்கவில்லை, தானே இரண்டு எட்டு எங்கள் பக்கம் நடந்தார். வாளி தன் கையில் இருந்ததால் தலைவரும் பின்னால் வர வேண்டியதாயிற்று. சாமியார் என் வீட்டுக்காரர் பேரைக் கேட்டார். பிறகு பாட்டியிடம் அவர்கள் மகன் பேரைக் கேட்டார். பாட்டி சொல்லவில்லை, மகனைப் பார்த்தார்கள். தலைவர்தான் தன் தம்பி பேரைச் சொன்னார். சாமியார் இரண்டு பேரையும் சொல்லித் தீர்த்தத்தைத் தெளித்தார். பலமாகத் தெளித்துவிட்டார். என் மகளின் மெழுகுதிரி புஸ்ஸென்று அணைந்தது.

"சாமி, அணைச்சிட்டீங்களே!" என்று அவள் கத்திவிட்டாள்.

பாட்டி முதலில் சிரித்தார்கள். அப்புறம் நான். அப்புறம் சுற்றி நின்றவர்கள் எல்லாம். கல்லறைத் திருநாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மகள் தன் திரியைப் பாட்டியின் சுடரில் காட்டி மறுபடி கொளுத்திக்கொண்டாள்.

கமிட்டித் தலைவர் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சுவரை இடிக்கவும் இல்லை. போன வருடம் அந்தச் சுவரில் இன்னும் சில மாடங்கள் வந்திருந்தன. எங்கள் கொத்தனாருக்கு இப்போது பயம் போய்விட்டது.

எங்கள் மாடத்தின் படத்தை மன்னார்ப் பெண்ணுக்கு அனுப்பினேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பழைய கரியைப் பரிசோதித்துவிட்டார்களாம், ஏதோ எண்ணெய் விளக்கு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லையாம். "இன்னும் தெரியேல்ல அக்கா" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, அவள் அம்மா எங்கள் மாடத்தின் படத்தைக் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாள்.

நான் மறுபடி இங்கே டியூட்டியில்தான் இருக்கிறேன். கடலைத் திட்டப் போவதில்லை, நேரமும் இல்லை. ஞாயிறுதோறும் மகள் போன் செய்கிறாள். எடுத்ததும், அவள் அப்பா மாதிரியே, "சோறு தின்னாச்சா?" என்று கேட்கிறாள். பிறகு, "இப்பதான் அப்பாகிட்ட போயிட்டு வந்தேன்" என்கிறாள். இந்த அரபு மண்ணுக்குக் கீழே காலிக் குழிக்கு விளக்கு வைத்த யாரோ ஒரு பெண்ணுக்கு, அவள் என்ன நினைத்து வைத்தாளோ எனக்குத் தெரியாது, என் மகள் 'அப்பாகிட்ட' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.